விரிதாளில் நகலெடுப்பதும் இடம் மாற்றுவதும்: ஒரு கணக்கறையின் அனுபவம்

கொழும்பு பழைய சோனகத் தெருவில் இரும்புச் சாமான்களை இறக்குமதி செய்து மொத்தமாக விற்கும் நிறுவனமொன்றின் கணக்குப் பிரிவில் நான் நெடுங்காலமாகப் பணியாற்றி வருகிறேன். கூட்டல், கழித்தல், வீதம் காணுதல் எல்லாவற்றையும் எக்ஸெல் பார்த்துக்கொள்கிறது. எங்கள் நாளின் பெரும்பகுதி எண்களை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதிலேயே கழிகிறது. துறைமுகத்தில் கொள்கலன் விடுவிக்கப்பட்டதும் வரும் சரக்குப் பட்டியல் களஞ்சியத் தாளுக்குப் போக வேண்டும். அங்கிருந்து விலைப்பட்டியலுக்குப் போக வேண்டும். வங்கிக் கூற்றிலுள்ள தொகைகள் காசேட்டுக்கும், வரவுப் பதிவிலுள்ள மணித்தியாலங்கள் சம்பளத் தாளுக்கும் வந்து சேர வேண்டும். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குப் பழக்கிக் கொடுக்கும் பொறுப்பும் என்னிடம் இருப்பதால், பிழைகள் எங்கே பிறக்கின்றன என்பதை அருகிலிருந்து கவனித்திருக்கிறேன். சூத்திரத்தைப் பிழையாக எழுதுபவர்கள் குறைவு. சரியான சூத்திரத்தையும் சரியான எண்ணையும் பிழையான விதத்தில் ஒட்டுபவர்களே அதிகம்.

இதற்குக் காரணம், கலத்துக்குள், அதாவது தாளின் ஒரு கட்டத்துக்குள், தெரிவது ஓர் எண் மட்டும் என்ற எண்ணம். கலமொன்றை நகலெடுத்தால் அதிலுள்ள சூத்திரம், சூத்திரத்தின் விடையான பெறுமானம், எண்ணைக் காட்டும் வடிவம், எழுத்துரு, நிறம், கோடுகள், இணைத்து வைத்த குறிப்பு, அந்தக் கலத்தில் எதை எழுத அனுமதி உண்டு என்ற விதி ஆகிய அனைத்தும் சேர்ந்தே புறப்படுகின்றன. கொன்ட்ரோல் விசையுடன் வி விசையை அழுத்தியதும் அவை அனைத்தும் புதிய இடத்தில் இறங்கி, அங்கே முன்பிருந்தவற்றை அழித்துவிடுகின்றன. நிரலின், அதாவது மேலிருந்து கீழாகச் செல்லும் வரிசையின், அகலம் உடன் வருவதில்லை. எங்கள் களஞ்சியத் தாளில் சரக்கு எந்தக் களஞ்சியத்தில் உள்ளது என்பதைக் கீழிறங்கும் பட்டியலிலிருந்து தெரிவு செய்யும்படி அமைத்திருக்கிறோம். வேறொரு தாளிலிருந்து அந்த நிரலில் யாராவது ஒட்டினால் பட்டியல் மறைந்துவிடும். ஒட்டப்பட்ட பெயர் பட்டியலில் உள்ளதுதானா என்று எக்ஸெல் சோதிப்பதும் இல்லை. விதி போட்டிருக்கிறோம் என்ற நம்பிக்கை மட்டும் மிஞ்சும்.

ஆகவே நான் பழக்கும் எவருக்கும் முதலில் சொல்லிக்கொடுப்பது, ஒட்டுவதற்கு முன் எது போக வேண்டும் என்று முடிவெடுக்கும் பழக்கத்தை. கொன்ட்ரோல், ஆல்ட், வி ஆகிய மூன்றையும் சேர்த்து அழுத்தினால் பேஸ்ட் ஸ்பெஷல் பெட்டி திறக்கும். அங்கே பெறுமானம் மட்டும், சூத்திரம் மட்டும், வடிவம் மட்டும், நிரல் அகலம் மட்டும் என்று தெரிவு செய்யலாம். நிரைகளை, அதாவது இடமிருந்து வலமாகச் செல்லும் வரிசைகளை, நிரல்களாகப் புரட்டலாம். நகலெடுத்த எண்ணை ஏற்கெனவே உள்ள எண்களுடன் கூட்டவோ பெருக்கவோ செய்யலாம். பெறுமானம் மட்டும் போதுமென்றால் கூகுள் ஷீட்ஸிலும் எக்ஸெலின் அண்மைய பதிப்புகளிலும் கொன்ட்ரோல், ஷிஃப்ட், வி என்ற சுருக்கம் உண்டு. லிப்ரே ஆபிஸில் அதே விசைகள் தெரிவுப் பெட்டியைத் திறக்கும். எங்கள் அலுவலகத்தில் வெளியிலிருந்து வரும் எதையும் பெறுமானமாக மட்டுமே ஒட்டுவது என்பது இப்போது எழுதாத சட்டமாகிவிட்டது.

அடுத்தது சூத்திரம். டி நிரலின் இரண்டாம் நிரையான டி2 என்ற கலத்தில் பி2ஐ சி2ஆல் பெருக்கும் சூத்திரம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை நகலெடுத்து டி3இல் ஒட்டினால் அது பி3ஐ சி3ஆல் பெருக்கும் சூத்திரமாகத் தானே மாறிவிடும். 1979இல் வெளிவந்த, தனிநபர் கணினிக்கான முதல் விரிதாள் மென்பொருளான விசிகால்க்கில் சூத்திரத்தைப் பெருக்கி எழுதும் கட்டளையைக் கொடுத்தால், அதிலுள்ள ஒவ்வொரு கல முகவரியும் இடத்துக்கேற்ப மாற வேண்டுமா அப்படியே நிற்க வேண்டுமா என்று அது பயனரையே கேட்டது. இப்போது எந்த மென்பொருளும் கேட்பதில்லை. முகவரியில் டொலர் குறியை ($) வைத்தால் அது அப்படியே நிற்கும், வைக்காவிட்டால் இடத்துக்கேற்ப மாறும்; அந்தக் குறியால் நாம் முன்கூட்டியே பதில் சொல்லியிருக்க வேண்டும். அந்தக் கேள்வியைப் பயனர்களுக்கு மறக்கடித்ததுதான் இன்றைய மென்பொருள்களின் குறை என்று நான் நினைக்கிறேன். சூத்திரத்தைத் திருத்தும்போது முகவரியின் மேல் நின்று எஃப்4 விசையை அழுத்தினால் டொலர் குறி நிரலுக்கும் நிரைக்கும் வந்து சேரும். மீண்டும் அழுத்தினால் நிரைக்கு மட்டும், பின் நிரலுக்கு மட்டும் என்று மாறும். சம்பளத் தாளில் ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியரின் பங்கு 8 வீதம், தொழில்தருநரின் பங்கு 12 வீதம், ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 வீதம் என்று மூன்று வீதங்களையும் தாளின் தலையில் மூன்று கலங்களில் எழுதி, டொலர் குறியிட்ட முகவரிகளால் சுட்டி வைத்தால் எத்தனை பேருக்கு நகலெடுத்தாலும் வீதம் நகராது.

ஆனால் ஒரே கலத்தில் வீதத்தை வைத்து எல்லா நிரைகளையும் அதற்குக் கட்டிவிடுவதில் ஓர் ஆபத்தும் உண்டு. 2022இல் அதை நாட்டிலுள்ள கணக்கறைகள் பலவும் உணர்ந்திருக்கும். அந்த ஆண்டு மே மாதம் வரை 8 வீதமாக இருந்த பெறுமதி சேர் வரி ஜூன் 1ஆம் திகதி 12 வீதமாகவும், செப்டெம்பர் 1ஆம் திகதி 15 வீதமாகவும் உயர்ந்தது. 2024 ஜனவரி 1ஆம் திகதி 18 வீதமாகியது. தலைக்கலத்தில் 8ஐ அழித்து 12 என்று எழுதிய அந்தக் கணமே, மே மாதத்தில் வாடிக்கையாளருக்குக் கொடுத்து முடித்த பில்களின் வரியும் தாளில் 12 வீதமாக மாறிவிடும். அச்சிட்ட பில்லில் ஒரு தொகை, தாளில் இன்னொரு தொகை. டொலரின் பெறுமதி 2022 மார்ச்சில் ஏறக்குறைய 200 ரூபாவிலிருந்து மே மாதத்துக்குள் 360 ரூபா வரை ஏறியபோது, செலவுக் கணிப்புத் தாள்களுக்கும் இதே ஆபத்து இருந்தது. ஆகவே எங்கள் வழக்கம் இது: பில் வெளியே போனதும் அந்த நிரையின் வரியையும் மொத்தத்தையும் நகலெடுத்து அதே இடத்திலேயே பெறுமானமாக ஒட்டிவிடுகிறோம். இனி எந்தக் கலம் மாறினாலும் அந்த எண் அசையாது. வீதத்துக்கென்று தனி நிரல் வைத்து ஒவ்வொரு நிரையிலும் அன்றைய வீதத்தை எழுதுவது இன்னும் நல்லது. பின்னொரு நாளில் கணக்காய்வாளர் கேட்டால் எந்த வீதத்தில் கணித்தோம் என்பதற்கு அந்த நிரையே சாட்சி.

வெட்டி ஒட்டுவது, நகலெடுத்து ஒட்டியபின் பழையதை அழிப்பதற்குச் சமம் என்று பலர் நினைக்கிறார்கள். எக்ஸெலுக்கு அவை இரண்டும் வேறு வேறு வேலைகள். டி2இலுள்ள சூத்திரத்தை வெட்டி டி9இல் ஒட்டினால் அது பி2ஐயும் சி2ஐயுமே தொடர்ந்து பெருக்கும், முகவரி மாறாது. அதேவேளை டி2ஐச் சுட்டியிருந்த மற்றக் கலங்கள் அனைத்தும் இனி டி9ஐச் சுட்டும். தாளின் அமைப்பைத் திருத்தும்போது இது பெரிய வசதி. ஆனால் வெட்டியதைக் கொண்டுபோய் இறக்கும் கலத்தை வேறெங்காவது ஒரு சூத்திரம் சுட்டிக்கொண்டிருந்தால், அந்தச் சூத்திரம் தன் முகவரியை இழந்து ரெஃப் என்ற பிழையைக் காட்டும். நகலெடுத்து ஒட்டினால் அப்படி நேராது. புதிய எண்ணை அது எடுத்துக்கொள்ளும். கூட்டுத்தொகை விடயத்தில் இன்னும் நுட்பமான ஒன்று உண்டு. பி2 முதல் பி20 வரை கூட்டும் சூத்திரத்தின் நடுவிலுள்ள ஒரு கலத்தை வெட்டி அந்த எல்லைக்கு வெளியே வைத்தால், அந்தத் தொகை கூட்டலிலிருந்து சத்தமின்றி விடுபடும். கடைசிக் கலமான பி20ஐ வெட்டி அதே நிரலில் பி25இல் வைத்தால் கூட்டலின் எல்லையே பி25 வரை நீண்டுவிடும். இரண்டிலும் பிழைச் செய்தி எதுவும் வராது. வெட்டிய பிறகு பேஸ்ட் ஸ்பெஷல் இயங்காது என்பதையும் நினைவில் வைத்திருக்க வேண்டும். பெறுமானம் மட்டும் போக வேண்டுமானால் நகலெடுத்தே ஒட்ட வேண்டும்.

நிரையொன்றை இரு நிரைகளுக்கு நடுவே கொண்டுபோய்ச் செருக, ஷிஃப்டை அழுத்தியபடி அதன் விளிம்பைப் பிடித்து இழுத்தால் போதும். வெறுமனே இழுத்தால் அங்கிருப்பதன் மேல் ஏறிவிடும். இழுக்கும்போதாவது எக்ஸெல் ஒருமுறை எச்சரிக்கும். விசைப்பலகையால் ஒட்டும்போது அதுவும் இல்லை.

வடிகட்டிய தாளில் ஒட்டுவதைப் பற்றி நான் எப்போதும் கூடுதல் நேரம் எடுத்துப் பேசுவேன், ஏனெனில் அதில் வரும் பிழை ஆளின் சம்பளத்தைத் தொடும். ஒருமுறை மேலதிக நேரக் கொடுப்பனவைச் சேர்ப்பதற்காக, எங்களுடன் புதிதாக இணைந்த ஒரு தம்பி சம்பளத் தாளில் ஃபில்டர் போட்டுக் களஞ்சிய ஊழியர்களை மட்டும் தெரியச் செய்து, வேறொரு தாளில் அதே ஒழுங்கில் இருந்த தொகைகளை மொத்தமாக நகலெடுத்து ஒட்டியிருந்தார். ஃபில்டர் போட்ட பட்டியலிலிருந்து நகலெடுக்கும்போது தெரியும் நிரைகள் மட்டுமே வரும். ஆனால் அதற்குள் ஒட்டும்போது தொகைகள் மறைந்திருக்கும் நிரைகளிலும் வரிசையாக இறங்கிவிடும். அலுவலகத்தில் இருப்பவர்களுக்குக் களஞ்சியக்காரரின் மேலதிக நேரப் பணம் போயிருந்தது. வங்கிக்குக் கோப்பை அனுப்பும் முன் ஃபில்டரை எடுத்துப் பார்த்த அவரே என்னிடம் வந்து, “அக்கா, மொத்தம் சரியா வருது, ஆனா ஆள் மாறி நிக்குது” என்றார். மொத்தம் சரியாக வரும் என்பதுதான் இந்தப் பிழையின் கொடுமை. நாம் வழக்கமாகச் செய்யும் சரிபார்ப்பு முழுவதும் மொத்தத்தையே நம்பியிருக்கிறது.

கனடாவின் டிரான்ஸ்ஆல்டா என்ற மின்சார நிறுவனத்துக்கு 2003இல் நேர்ந்ததும் இந்த இனத்தைச் சேர்ந்ததே. நியூயோர்க்கில் மின்கடத்தல் ஒப்பந்தங்களுக்கான விலைக்கேள்விகளை அவர்கள் எக்ஸெல் தாளில் தயாரித்தபோது, வெட்டி ஒட்டியதில் நிரைகள் பொருந்தாமல் போய், வேண்டியதைவிட அதிக ஒப்பந்தங்களைக் கூடிய விலைக்கு எடுத்துவிட்டார்கள். நட்டம் 24 மில்லியன் அமெரிக்க டொலர். எண்கள் எல்லாம் அவர்களுடையவைதாம்; அடுத்த நிரையில் போய் நின்றன, அவ்வளவே.

இதற்கு எங்களிடம் உள்ள மருந்து, ஒழுங்கை நம்பி ஒட்டாமல் ஊழியர் இலக்கத்தை வைத்துத் தேடி எடுப்பது. விலுக்கப் அல்லது எக்ஸ்லுக்கப் சூத்திரத்தால் இலக்கத்துக்குரிய தொகையை வரவழைத்து, சரி பார்த்தபின் அந்த நிரலைப் பெறுமானமாக ஒட்டிவிடலாம். ஒட்டித்தான் ஆக வேண்டும் என்றால், முதலில் ஃபில்டரை நீக்கி, பிரிவு வாரியாக வரிசைப்படுத்தி, வேண்டிய நிரைகள் அடுத்தடுத்து வரும்படி செய்துகொள்ள வேண்டும். ஒரே தொகையைத் தெரியும் நிரைகளுக்கு மட்டும் நிரப்புவதானால் கொன்ட்ரோலுடன் டி (D) போதும். அது மறைந்தவற்றைத் தொடாது. ஃபில்டர் இன்றிக் கையால் மறைத்து வைத்த நிரைகளின் கதை நேர்மாறானது: அவை நகலோடு சேர்ந்தே வந்துவிடும். விற்பனையாளருக்கு அனுப்பும் விலைப்பட்டியலில் கொள்விலை நிரலை மறைத்துவிட்டு நகலெடுப்பவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும். ஆல்ட்டுடன் அரைப்புள்ளி விசையை அழுத்தித் தெரியும் கலங்களை மட்டும் தெரிவு செய்தபின் நகலெடுப்பதே பாதுகாப்பு. எதை ஒட்டினாலும், பக்கத்தில் ஒரு வெற்று நிரலில் மூலத் தாளின் இலக்கமும் ஒட்டிய தாளின் இலக்கமும் சமமா என்று கேட்கும் சிறு சூத்திரத்தை இழுத்துவிட்டுப் பாருங்கள். பிழை எந்த நிரையில் தொடங்குகிறது என்பதை அது விரல் வைத்துக் காட்டும்.

வெளியிலிருந்து வரும் எண்களில் இலங்கையில் நமக்கென்றே சில சிக்கல்கள் உள்ளன. பழைய தேசிய அடையாள அட்டை இலக்கம் ஒன்பது இலக்கங்களுடன் ஓர் எழுத்தில் முடிவதால் எக்ஸெல் அதைச் சொல்லாகவே கருதும். 2016 முதல் வழங்கப்படும் 12 இலக்க எண்ணில் எழுத்து இல்லை. அதைச் சாதாரணக் கலத்தில் ஒட்டினால் எண்ணாகக் கொண்டு, தசமமும் அடுக்குமாகச் சுருக்கிக் காட்டும். உள்ளே எண் பத்திரமாக இருக்கும், வடிவத்தை மாற்றினால் மீண்டும் தெரியும். ஆனால் அந்தச் சுருக்கிய தோற்றத்திலேயே கோப்பைச் சிஎஸ்வியாக, அதாவது காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பாக, சேமித்தால் சுருக்கம்தான் எழுதப்படும். மீதி இலக்கங்கள் மீளாது. வங்கிகளுக்கும் அரச இணையத்தளங்களுக்கும் ஏற்றுவதற்காகச் சிஎஸ்வி தயாரிப்பவர்கள் இந்த இடத்தில் நின்று கவனிக்க வேண்டும். எக்ஸெல் 15 இலக்கங்களுக்கு மேல் எண்ணை வைத்திருக்காது என்பதால், 16 இலக்க அட்டை எண்ணின் கடைசி இலக்கம் ஒட்டிய உடனேயே பூச்சியமாகிவிடும். கைத்தொலைபேசி எண்ணின் முன்பூச்சியமும் சில வங்கிக் கணக்கிலக்கங்களின் முன்பூச்சியங்களும் அப்படியே காணாமல் போகும். ஒட்டுவதற்கு முன்பே அந்த நிரலைச் சொல் வடிவமாக மாற்றி, சேரும் இடத்தின் வடிவத்துக்கு ஏற்ப ஒட்டும் தெரிவைப் பயன்படுத்துவதே எளிய வழி.

திகதியில் இதைவிடக் கவனம் வேண்டும். நாம் நாள், மாதம், ஆண்டு என்று எழுதுகிறோம். கணினியோ பெரும்பாலும் அமெரிக்க அமைப்பிலேயே வந்து சேர்கிறது. வங்கிக் கூற்றிலிருந்து 03/04/2024 என்று ஒட்டினால் ஏப்ரல் 3 மார்ச் 4 ஆகிவிடும். 25/04/2024 என்பதில் 25 மாதமாகப் பொருந்தாததால் அது வெறும் சொல்லாகவே நிற்கும். ஒரே நிரலில் பாதி இடப்பக்கமும் பாதி வலப்பக்கமும் ஒட்டி நின்றால் இதுதான் காரணம். விண்டோஸின் பிராந்திய அமைப்பை முதலில் சரிசெய்துவிட்டு, கூற்றை மீண்டும் ஒட்ட வேண்டும். ஒட்டியபின் திருத்துவது தலைவலி. இணையப் பக்கங்களிலிருந்து ஒட்டிய தொகைகள் கூட்டலில் சேராமல் நிற்பதும் இதே குடும்பத்து நோய். அவற்றின் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஒரு வெற்றிடம் ஒட்டிக்கொண்டிருக்கும், அதைத் தேடி மாற்றும் வசதியால் நீக்கலாம்.

தமிழில் பெயர்களை வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு பாடம் உண்டு. நம் அலுவலகங்களின் பழைய கோப்புகளில் பெரும்பாலானவை பாமினி எழுத்துருவில் தட்டப்பட்டவை. கலத்தில் தமிழாகத் தெரிந்தாலும், கணினிக்குள் இருப்பவை ஆங்கில எழுத்துகளும் நிறுத்தக்குறிகளும்தாம். எழுத்துருதான் அவற்றுக்குத் தமிழ் உருவத்தைக் கொடுக்கிறது. ஆகவே பெறுமானம் மட்டும் ஒட்டு என்ற நான் மேலே சொன்ன நல்ல பழக்கமே இங்கே பெயர்களைப் படிக்க முடியாத எழுத்துக் குவியலாக்கிவிடும். பதறத் தேவையில்லை, அந்த நிரலுக்கு மீண்டும் பாமினியைக் கொடுத்தால் தமிழ் திரும்பி வரும். அதைவிட ஆழமான சிக்கல், பாமினியில் அகரமும் ஆகாரமும் ஒரே விசையின் சிறிய எழுத்தும் பெரிய எழுத்தும் என்பது. கவும் குவும் அப்படியே, மவும் முவும் அப்படியே. எக்ஸெலின் தேடலும் இரட்டித்த நிரைகளை நீக்கும் வசதியும் சிறிய எழுத்துக்கும் பெரிய எழுத்துக்கும் வேறுபாடு பார்ப்பதில்லை. அதனால் அனந்தனும் ஆனந்தனும் எக்ஸெலின் கண்ணுக்கு ஒருவரே. பெயரை வைத்துத் தேடினால் ஆனந்தனுக்கு அனந்தனின் தொகை வரலாம். பெயர் நிரலை மட்டும் வைத்து இரட்டிப்பை நீக்கினால் இருவரில் ஒருவர் பட்டியலிலிருந்தே போய்விடுவார். எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடில் தட்டிய பெயரும் பாமினியில் தட்டிய அதே பெயரும் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தாலும் தேடலில் ஒருபோதும் பொருந்தாது. பழைய பட்டியல்களை ஒருமுறை உட்கார்ந்து யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள் என்று நான் எல்லோரிடமும் கேட்டுக்கொள்கிறேன். மாற்றும்வரை பெயரால் எதையும் தேடாமல் இலக்கத்தாலேயே தேட வேண்டும்.

கோப்புக்குக் கோப்பு முழுத் தாளையும் கொண்டுபோவதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். தாளின் பெயர் மேல் வலச்சொடுக்கி மூவ் ஓர் கொப்பி என்பதைத் தெரிவு செய்யும்போது, நகலை உருவாக்கு என்ற கட்டத்தில் குறியிடாவிட்டால் தாள் பழைய கோப்பிலிருந்து நீங்கிப் போய்விடும். அந்தத் தாளின் சூத்திரங்கள் பழைய கோப்பின் வேறு தாள்களைச் சுட்டியிருந்தால், புதிய கோப்பில் அவை பழைய கோப்பின் பெயரோடு வெளி இணைப்புகளாக மாறும். வெள்ளவத்தைக் காட்சியறைக்கு மின்னஞ்சலில் போன கோப்பைத் திறந்தால், அங்கே இல்லாத கோப்பைத் தேடிப் புதுப்பிக்கவா என்று அது கேட்கும். ஒன்றையொன்று சுட்டும் தாள்களை கொன்ட்ரோலை அழுத்தியபடி சேர்த்துத் தெரிவு செய்து ஒரே முறையில் நகர்த்தினால், அவற்றுக்கிடையிலான சுட்டல்கள் புதிய கோப்புக்குள்ளேயே இருக்கும். எஞ்சும் இணைப்புகளை டேட்டா பட்டியிலுள்ள எடிட் லிங்க்ஸ் (புதிய பதிப்புகளில் வேர்க்புக் லிங்க்ஸ்) பகுதியில் துண்டிக்கலாம். துண்டித்ததும் சூத்திரங்கள் பெறுமானங்களாக மாறிவிடும், கோப்பைச் சேமித்து மூடியபின் அதை மீட்க முடியாது என்பதால் துண்டிப்பதை எப்போதும் அனுப்பும் நகலில் மட்டுமே செய்ய வேண்டும்.